கணக்கு டீச்சர் பதில்கள்: கடலுக்குள்ளே எத்தனை இருக்கு?

சென்ற இதழில் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். "இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு சமன்பாடு இருக்கிறது" என்று. அவ்வளவுதான். தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து குவிந்ததைப் பார்த்தால் இந்த இதழ் முழுக்கக் கடல்தான். மாமியார் வயசையும் மருமகள் வயசையும் கூட்டிக் கழித்துப் புதிர் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் லாஞ்சைக் கட்டிப்போடுகிறோம். 61 என்று யார் கணக்குப் போட்டது? 60 என்று ஏன் வரவில்லை?" (விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்)

ஏப்ரலில் 16 நாள், மேயில் 31, ஜூனில் 14. கூட்டிப் பாருங்கள். தேதியைக் குறித்ததால் வந்த 61 அது. 2001-ல் ஆரம்பித்தபோது மே 29 வரைதான், 45 நாள். 2017 முதல் 61. இதில் நுணுக்கமான கணிதம் எதுவும் கிடையாது. பல இன மீன்கள் முட்டையிடும் பருவத்தையொட்டி வைத்த தேதி.

ஆனால் "கொஞ்ச நாள் விட்டால் கடல் தானே நிரப்பிக்கொள்ளும்" என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதற்குக் கணக்கு உண்டு. 1838-ல் பெல்ஜியத்துக்காரர் வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகைக்காகப் போட்டது. 1954-ல் மில்னர் ஷேஃபர் என்ற மீன்வள விஞ்ஞானி அதில் மீன்பிடிப்பைச் சேர்த்தார்.

கடலை விடுங்கள், ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு விட்டாலும் அதில் 10,000 கிலோ மீனுக்கு மேல் தங்காது. மீன் குறைவாக இருந்து இரை தாராளமாகக் கிடைத்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு 40 வீதம் பெருகும். கூட்டம் கூடக் கூட அந்த வீதம் சுருங்கும். குளத்தில் 9,000 கிலோ இருக்கும்போது வருஷ வளர்ச்சி 360 கிலோதான், இடநெருக்கடி. 2,000 கிலோ இருக்கும்போது 640, தாய்மீன் போதாது. சரிபாதி, 5,000 இருக்கும்போதுதான் உச்சம்: 1,000 கிலோ. அந்த ஆயிரத்தை அள்ளிக்கொண்டால் குளம் அப்படியே இருக்கும், அடுத்த வருஷமும் ஆயிரம் கிடைக்கும். முதலைத் தொடாமல் வட்டியைச் சாப்பிடுகிற சங்கதி.

25 வருஷம் கல்லூரியில் இந்த வளைகோட்டைக் கரும்பலகையில் வரைந்து, உச்சியில் ஒரு நட்சத்திரம் போட்டு, "இதுதான் சிறந்த இடம்" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான், பாம்பன் பக்கம். "டீச்சர், கடலுக்குள்ளே எத்தனை இருக்குன்னு யாரு எண்ணுனா?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பையனுக்கு நான் பதில் பாக்கி. அடுத்த கேள்விக்கான பதிலை அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

"நாளைக் கணக்குப் பண்ணி எங்களை வீட்டில் உட்காரவைப்பதை விட, வருஷத்துக்கு இத்தனை டன் என்று அளவு வைத்துவிட்டால் என்ன? அளவு முடிந்ததும் நாங்களே நிறுத்திக்கொள்கிறோம்." (காசிமேட்டிலிருந்து ஒருவர்)

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. அதே குளத்தில் போட்டுப் பார்ப்போம்.

குளத்தில் 5,000 கிலோ, வருஷம் 1,000 எடுக்கலாம். அதிகாரி எண்ணுவதில் சின்னப் பிசகு, நூற்றுக்குப் பத்துதான். 1,100 கிலோ என்று அளவு எழுதிவிடுகிறார். என்ன ஆகும்? நேற்று ராத்திரி பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து வருஷம் வருஷமாகப் போட்டேன். பத்து வருஷம் கழித்துக் குளத்தில் 3,871 கிலோ. யாருக்கும் உறைக்காது, குளத்தை எட்டிப் பார்த்தால் மீன் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். பதினைந்தாம் வருஷம் 2,930. பதினெட்டில் 1,957. இருபதில் 892. இருபத்தொன்றில் 118. அடுத்த வருஷம் 1,100 கிலோ பிடிக்கப் போகிறவன் சேற்றைத்தான் அள்ளுவான். முதல் 1,100 கிலோ கரைய ஏறக்குறைய பத்து வருஷம். கடைசி 2,000 கிலோ கரைய நாலே வருஷம். "சார், தப்பாப் போட்டீங்களா?" என்று என் பேரன் கால்குலேட்டரைப் பிடுங்கி மறுபடி போட்டான். (வீட்டில் என்னை ஆச்சி என்பான், கணக்கு என்றால் சார்.)

இப்போது கிலோவை மறந்துவிட்டு, இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் பிடிபடும் அளவுக்குப் படகையும் நாளையும் வையுங்கள். 5,000-ல் அதே 1,000 கிலோ. இதிலும் அதே பத்து சதவீதப் பிசகு, 20-க்குப் பதில் 22 சதவீதம் என்று வைப்போம். குளம் 4,500 கிலோவில் போய் நின்றுவிடும். வருஷப் பிடிப்பு 990. நஷ்டம் பத்தே பத்து கிலோ! மீன் குறைந்தால் வலையில் விழுவதும் தானாகக் குறைகிறது, அதனால் குளம் தப்பிக்கிறது. டன் அளவில் அந்த இரக்கம் இல்லை. மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் "என் பங்கு 1,100" என்று நிற்கும்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் என்ற மீன். 1968-ல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் பிடித்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டுக் கப்பல்கள். 1977-ல் 200 கடல் மைல் எல்லை போட்டு அந்நியரை விரட்டிவிட்டு, விஞ்ஞானிகளை உட்காரவைத்து வருஷத்துக்கு இத்தனை டன் என்று எழுதினார்கள். கையிருப்பை உள்ளதை விட வெகு அதிகமாகக் கணித்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏன் அப்படி? காட் மீன் குறையக் குறைய மிச்சம் இருப்பவை ஓரிடத்தில் மொய்த்து நிற்கும். கருவி வைத்துத் தேடிப் போகும் பெரிய கப்பலுக்கு ஒவ்வொரு முறையும் வலையின் மடி நிறையும், "மீன் ஏகமாக இருக்கிறது" என்று புள்ளிவிவரம் போகும். கரையோரத்தில் சின்னப் படகு வைத்திருந்தவர்கள்தான் எண்பதுகளில் "மீன் சிறுத்துப்போச்சு, கரைக்கு வரவே இல்லை" என்று கத்தினார்கள். 1992 ஜூலை 2 அன்று கடலை மூடினார்கள். இரண்டு வருஷத்துக்கு என்று சொன்னார்கள். தடையை முழுதாக எடுத்தது 2024-ல், அதுவும் 18,000 டன் என்ற அளவோடு. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது.

அந்தப் பாம்பன் பையனுக்கு என் பதில்: யாரும் எண்ணவில்லையப்பா, எண்ணவும் முடியாது. கரையில் நின்று எண்ண முடிந்தது படகும் வலையும் நாளும்தான். அதனால் டன்னை விட நாள் கணக்குதான் எனக்கு ஒரு படி மேல்.

ஆனால் காசிமேட்டுக்காரரே, இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நீங்களே அறிவீர்கள். 365-ல் 61 போக 304 நாள். பழைய எஞ்சினைக் கழற்றிப் பெரிய எஞ்சின், கூடக் கொஞ்சம் பெரிய மடி, மீன் இருக்கும் இடம் காட்டும் எக்கோ சவுண்டர் என்று சேர்த்து, ஒரு நாள் பாடு (பிடிப்பு) ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது என்று வையுங்கள். 304-ஐ 1.2-ஆல் பெருக்குங்கள். 364.8! தடையே போடாத மாதிரி. அரசு நாளை எண்ணுகிறது, நாம் குதிரைத்திறனை ஏற்றுகிறோம். ஜூன் 15 விடியற்காலை துறைமுகத்தில் எழும்பும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"முதலாம் உலகப்போர் நடந்தபோது கடலில் சுறா பெருகியது என்று பள்ளியில் சொன்னார்கள். குண்டு வெடித்ததில் செத்தவர்களைத் தின்றதாலா?" (கல்லூரி மாணவி, காரைக்குடி)

ஐயையோ, இல்லை. இத்தாலிக்குக் கிழக்கே ஏட்ரியாட்டிக் கடல். போரினால் படகுகள் அதிகம் கடலுக்குப் போகவில்லை. மீன் சந்தைக் கணக்கை உம்பெர்த்தோ தன்கோனா என்ற உயிரியலாளர் புரட்டிப் பார்த்தார். அந்தக் கரையில் ஃபியூமே என்ற துறைமுக ஊரின் சந்தைக்கு வந்ததில் சுறா வகையின் பங்கு 1914-ல் ஏறக்குறைய 12 சதவீதம், 1918-ல் 36. போர் முடிந்து படகுகள் திரும்பியதும் மறுபடி இறங்கி, 1923-ல் 11. அவர் போய்க் கேட்டது தன் வருங்கால மாமனாரை. மாமனார் கணித மேதை வீட்டோ வொல்த்தேரா. மாமனார் போட்ட கணக்கின்படி, வலை இரைமீனையும் பிடிக்கிறது, அதைத் தின்னும் சுறாவையும் பிடிக்கிறது. ஆனால் அடி சுறாவுக்குத்தான்: தின்ன வரும் சுறா குறைவதால், சராசரியில் இரைமீன் கூடுகிறது, சுறா குறைகிறது. வலையை நிறுத்தினால் முதல் ஆதாயம் சுறாவுக்குத்தான். எல்லா மீனுக்கும் ஒரே வலையை இழுக்கிற நம் கடலுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

வொல்த்தேரா பெயர் வந்ததால் ஒரு சங்கதி: 1931-ல் முசோலினி அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னபோது, சுமார் 1,200 பேராசிரியர்களில் மறுத்தவர்கள் ஒரு டஜன் பேர்தான். அதில் இவர் ஒருவர். வேலை போனது.

"கேரளாவில் மத்தி காணாமல் போனதற்கு அளவுக்கு மீறிப் பிடித்தது காரணமா, கடல் சூடானது காரணமா? டிவியில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்." (குளச்சல்)

இரண்டும். இதற்கு ஏன் சண்டை என்று எனக்குப் புரிவதே இல்லை. 2012-ல் கேரளாவில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி இறங்கியது, 2021-ல் சில ஆயிரம் டன். என் குளத்தில் "10,000 கிலோ, 40 சதவீதம்" என்று கல்லில் செதுக்கின மாதிரி இரண்டு எண்ணை வைத்துக்கொண்டேன் அல்லவா, உண்மைக் கடலில் அந்த இரண்டும் வருஷத்துக்கு வருஷம் ஆடும். பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோ வந்தால் மத்தியின் சாப்பாடே இடம் மாறிவிடும். நல்ல வருஷத்துக் கணக்கை வைத்துக்கொண்டு கெட்ட வருஷத்திலும் அதே அளவு பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. நெத்திலி இனம் ஒன்றை 1970-ல் 1.2 கோடி டன் பிடித்தார்கள், உலகத்தில் வேறெந்த மீனும் அவ்வளவு பிடிபட்டதில்லை. 1972-ல் எல் நினோ. 1973-ல் 20 லட்சம் டன்கூடத் தேறவில்லை.

கேரளாக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கிலோ இல்லை, டன் இல்லை, ஸ்கேல் வைத்து அளக்கிற சட்டம். எனக்குப் பிடித்தது அது. காரணத்தைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

"மீன் அழிந்தால் மீனவனுக்குத்தானே நஷ்டம்? தன் வயிற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வானா? படித்தவர்கள் எங்களை முட்டாள் என்றுதான் நினைக்கிறீர்கள்." (தூத்துக்குடி, எழுத்தில் கோபம் தெரிந்தது)

கோபம் நியாயம். நான் மீன்காரி மகள், உங்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. புத்திசாலி என்பதால்தான் சிக்கல்.

1973-ல் கோலின் கிளார்க் என்ற கனடாக் கணித ஆசிரியர் திமிங்கில வேட்டையைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார். திமிங்கிலம் வருஷத்துக்குச் சில சதவீதம்தான் பெருகும். பாங்கு அதைவிட அதிக வட்டி கொடுத்தால்? இருக்கிற எல்லாத் திமிங்கிலத்தையும் கொன்று, விற்று, காசைப் பாங்கில் போடுவதுதான் கம்பெனிக்கு லாபம். கடல் முழுக்க அந்தக் கம்பெனிக்கே சொந்தம் என்றாலும் இதுதான் லாபம்! படித்தபோது ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு.

திமிங்கிலம் நமக்கு வேண்டாம், வட்டிக்கு வருவோம். என் குளத்துக்கு ஒரே முதலாளி, டீசல் செலவுகூட இல்லை என்று வையுங்கள். அவனுக்குக் கடனே இல்லையென்றால், வட்டி ஆசையும் இல்லையென்றால், 5,000 கிலோவை விட்டுவைப்பான். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய், அதாவது ஒரு வட்டிக்கு வாங்கியிருந்தால் வருஷம் 12 சதவீதம். கிளார்க் முறையில் போட்டால் 3,500 கிலோவை விட்டுவைப்பது லாபம். மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால்? 36 சதவீதம். குளத்தில் விட்டுவைக்க வேண்டியது 500 கிலோ! நாலு வட்டி என்றால் ஒரு குஞ்சு மிச்சம் வைக்காமல் துடைத்தெடுப்பதுதான் கணக்குப்படி சரி.

வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் வாங்கி, மீனை அந்த வியாபாரியிடமே கொடுத்து, வட்டிக்குக் கழித்துக்கொண்டு வாழ்கிறவனிடம் போய் "வருங்காலத் தலைமுறைக்கு மீனை விட்டுவை" என்று மேடை போட்டுப் பேசினால் அவன் என்ன செய்வான்? குளம் ஒருவனுக்கே சொந்தமாக இல்லாமல் எல்லாருக்கும் பொது என்றால் இன்னும் மோசம். நான் விட்டுவைத்ததைப் பக்கத்துப் படகு அள்ளிக்கொண்டு போகும். படகு பாதி மடங்கு கூடினால் என் குளத்தில் மொத்தப் பிடிப்பு 1,000-லிருந்து 750 ஆகிவிடும், ஒரு படகின் பங்கு சரிபாதி ஆகிவிடும். அப்படியும் டீசல் காசு தேறுகிற வரை புதுப் படகு வந்துகொண்டேதான் இருக்கும். ஸ்காட் கார்டன் என்ற பொருளாதார அறிஞர் 1954-லேயே சொன்னார் இதை. கடலைக் காப்பாற்ற வேண்டுமானால் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கம் மீன்வளத் துறைக்குச் சமமாக வேலை செய்யும் என்பது என் அபிப்பிராயம். எந்தக் கருத்தரங்கிலும் இதைச் சொல்லக் கேட்டதில்லை.

"சமன்பாடு எல்லாம் வெள்ளைக்காரனுக்கு. நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும்." (பெயர் இல்லை)

தெரிந்திருக்கலாம். அவர்களிடம் 400 குதிரைத்திறன் எஞ்சின் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் கூடிப் போடுகிற கட்டுப்பாடு வேலை செய்யும் என்பதைப் பல நாட்டு ஊர்களில் ஆராய்ந்து காட்டியதற்குத்தான் 2009-ல் எலினார் ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற ஏற்பாடும் அந்த ஜாதிதான்.

"டீச்சர், நான் எம்.எஸ்சி. கணிதம். மீன்வளம் பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆசை. எங்களிடம் படகு இல்லை, லேப் இல்லை, டேட்டா கேட்டு எழுதினால் பதில் வரவில்லை. என்ன செய்வது?" (மாணவர், இராமநாதபுரம்)

தம்பி, ஸ்கேல் இருக்கிறதா?

என் அம்மா மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் கூடை சுமந்து மீன் விற்றாள். நிறுத்து விற்க மாட்டாள், கூறுதான். தரையில் சாக்கை விரித்துக் கூறு கட்டுவாள், கையளவில் எல்லாக் கூறும் ஒரே கனம் இருக்கும். நான் பள்ளிக்கூடம் போகும்போது எட்டு நகரை மீன் ஒரு கூறு. எனக்குக் கல்யாணம் ஆகி ஊருக்கு வந்தபோது பதினான்கு, பதினைந்து வைத்தாள். "ஏம்மா, தாராளமாயிட்டே?" என்று கேட்டேன். "போடி இவளே, மீனு சின்னதாயிருச்சு" என்றாள். கடலில் எத்தனை மீன் என்று அவளுக்குத் தெரியாது. மீன் பெரிதாக வளருவதற்கு முன்பே பிடிபடுகிறது என்று தெரிந்தது.

மண்டபத்தில் அப்போது இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் (தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போய்விட்டது) கரையில் உட்கார்ந்து மீனை ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதுவார்கள். "துணிக்கடைக்காரன் மாதிரி அளக்குறாங்க" என்று பெண்கள் சிரிப்பார்கள், அம்மாவும்தான். இருவர் செய்ததும் ஒரே வேலை என்று எனக்கு நாற்பது வயதில்தான் புரிந்தது. குளிர்நாட்டு மீனுக்குக் காதுக்கல்லில் மரத்தைப் போல வருஷ வளையம் விழும், வயசைப் படித்துவிடலாம். நம் வெப்பக் கடல் மீனில் அது சுலபமில்லை. அதனால் நீளத்தை வைத்தே வளர்ச்சியையும் சாவு வீதத்தையும் கணக்கிடும் முறையை டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1980-களில் மணிலாவிலிருந்து உருவாக்கிக் கொடுத்தார். நம் நாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதைத்தான் அதிகம் பார்ப்பாய்.

ஆகவே, ஒரே இனத்தை எடுத்துக்கொள், நாலைந்து வேண்டாம். பத்து நாளைக்கு ஒருமுறை, ஒரே இறங்குதளம், ஒரே வகைப் படகு. நூறு மீனாவது அள. ஏலத்துக்கு எடுத்துவைத்த நல்ல கூடையிலிருந்து மட்டும் அளக்காதே, ஓரமாகக் குவித்திருக்கும் சங்காயத்தையும் கிளறு. கோழித்தீவனத்துக்குப் போகிற அந்தக் குவியலில்தான் குஞ்சுகள் கிடக்கும். எத்தனை டன் என்று படகுக்காரரைக் கேட்காதே, சொல்லமாட்டார், சொன்னாலும் உண்மை இருக்காது. எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை தடவை மடி இழுத்தீர்கள், எத்தனை லிட்டர் டீசல் என்று கேள். டீசல் கணக்கை மட்டும் யாரும் மறக்கமாட்டார்கள்.

விடிவதற்கு முன்னால் போய்விடு. ஏழு மணிக்குப் போனால் ஐஸ் பெட்டியைத்தான் அளக்க வேண்டும். ஸ்கேல் எஃகாக இருக்கட்டும், மர ஸ்கேல் ரெண்டு வாரத்தில் ஊறி நாறிவிடும். முதலில் கூறு விற்கிற பெண்கள் பக்கத்தில் உட்கார். கூறுக்கு எத்தனை மீன் என்று எண்ணி, தேதி போட்டு எழுதிக்கொள். சிரிப்பார்கள், பொறுத்துக்கொள்.